ஜன்னலிலிருந்து அறுபத்தாறு அடி

சேசு மரி சூசை

தாம்பரம் சானடோரியம்
14-3-1954

அன்புள்ள டோரதிக்கு,

சுகம் என்று எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். இங்கே வந்து இரண்டு மாதமாகிறது. வாரத்துக்கு ஒருமுறை நெஞ்சில் ஊசி செலுத்திக் காற்றை ஏற்றுகிறார்கள். அந்தக் காற்று இடது நுரையீரலை அமுக்கி ஓய்வில் வைக்குமாம். மற்ற நேரமெல்லாம் படுக்கை. அதிகம் பேசக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. துறைமுகத்தில் பத்து வருஷம் வயர்லெஸ் ஆபரேட்டராகக் கப்பல்களோடு பேசிக்கொண்டிருந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

நேற்று அப்பா வந்தார். வராந்தாவிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். உன்னை மாடி அறையில் தனியாக வைத்திருப்பதில் உனக்கு வருத்தம் என்றார். உன் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் காசநோய்க்காரனின் மனைவி என்றால் ஊர் பயப்படத்தான் செய்யும். தம்பி லியோனார்டுக்கு இந்த வருஷம் பெண் பார்க்க வேண்டும். அதுவரை பொறுத்துக்கொள். என்னைப் பார்க்க வரவும் வேண்டாம். வந்து திரும்பினால் இன்னும் பேசுவார்கள்.

இன்னொன்று. என் அமெச்சூர் ரேடியோ சாமான்களை எடுத்து மூடி வை. மொட்டை மாடியில் இருக்கும் ஏரியல் கம்பியையும் இறக்கிச் சுருட்டிவிடு. உரிமம் என் பெயரில் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் ஏரியல் மட்டும் எதற்கு?

பாஸ்கல்


சேசு மரி சூசை

ராயபுரம்
21-3-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பழுப்பு நிறத்தில் கிடைத்தது. சானடோரியத்திலிருந்து எது வந்தாலும் அத்தை முதலில் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, கிருமி செத்துவிட்டது என்று திருப்தி வந்த பிறகுதான் மாடிப்படியில் வைப்பார்கள். மாமா தொடவே மாட்டார். அதனால் யாரும் படிப்பதில்லை. நீங்கள் தைரியமாக எழுதலாம், எழுத ஏதாவது இருந்தால்.

மொட்டை மாடி ஏரியலை நான் இறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. லியோனார்டுக்கு அங்கே அறை கட்டுகிறார்கள். கொத்தனார் நடுக்கம்பத்தைப் பிடுங்கி, கம்பியை வெட்டிச் சாரம் கட்டிவிட்டார். மொட்டை மாடிக்கு நான் போகக் கூடாது. கீழேயும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மட்டும் போகலாம், அதுவும் கடைசி பெஞ்சில். என் தட்டும் டம்ளரும் படியிலேயே வந்து படியிலேயே திரும்புகின்றன. எனக்கென்று இருப்பது இந்த அறையும் தெருப்பக்கத்து ஜன்னலும்.

அந்த ஜன்னலிலிருந்து ஒரு கம்பி கட்டியிருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள். எதிரே உசேன் பாயின் மரக்கிடங்கு இருக்கிறதல்லவா, அங்கே கடைசியில் உயரமான சவுக்குக் கம்பம் ஒன்று நிற்கிறது. கம்பியின் நுனியில் நூலும் நூலில் கல்லும் கட்டி இறக்கினேன். பாய் அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா தங்கச்சி, பட்டம் வுட்றியா?”

“இல்ல பாய், ரேடியோ கம்பி. அந்தக் கம்பத்து உச்சில கட்டித் தருவீங்களா?”

“கரண்டு கிரண்டு அடிக்காதே?”

“அடிக்காது பாய். கேக்கறதுக்கு மட்டும்தான்.”

“பாஸ்கல் எப்டி கீறான்? சொகமா வரச் சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே ஆளை ஏற்றிக் கட்டிக் கொடுத்தார். இத்தனை நாளில் உங்களைப் பற்றி என்னிடம் விசாரித்த முதல் மனிதர் அவர்தான்.

நான் யுத்த காலத்தில் பெண்கள் படையில் சிக்னல் பிரிவில் இருந்தவள். நிமிடத்துக்கு இருபது வார்த்தை மோர்ஸ் தந்திக் குறி எடுத்தவள். ஏழு வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி கொடுத்தேனே தவிர, ஒரு நாளாவது அந்த மோர்ஸ் கீயைத் தொடச் சொன்னீர்களா? இப்போது நானே ரிசீவரைப் போட்டுக் கேட்கிறேன். கேட்பதற்குக் கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு முனை மட்டுமே என் கையில் இருக்கிறது. அந்த ஒரு முனையிலேயே டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்தால் வேலை செய்யுமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

டோரதி


தாம்பரம்
2-4-1954

டோரதிக்கு,

நான் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்று. மரக்கிடங்குக்காரர் வரைக்கும் நம் வீட்டு விஷயம் போக வேண்டுமா? உன் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

ஆனால் நீ கம்பியின் நீளத்தைச் சொல்லவில்லை.

அறுபத்தாறு அடி இருக்க வேண்டும். நாற்பது மீட்டர் அலைக்கு அது சரியாகப் பாதி நீளம். அந்த நீளத்தில் இருந்தால் இருபது மீட்டரிலும் பத்து மீட்டரிலும் அதே கம்பி வேலை செய்யும். ஒரே கம்பி, மூன்று வழி. நான் கட்டியிருந்தது நடுவில் வெட்டி, இரண்டு கை விரித்த ஏரியல். அது நாற்பது மீட்டருக்கு மட்டும்தான். ஒரு முனையில் கொடுப்பதை எனக்குப் பிடிக்காது. முனையில் மின்னோட்டம் கொஞ்சம்தான், ஆனால் அழுத்தம் மிக அதிகம். டிரான்ஸ்மிட்டர் அதை நேராக ஏற்காது. இடையில் ஒரு கம்பிச்சுருளும் மாறும் கண்டென்சரும் வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்று. ஒவ்வொரு அலைக்கும் எந்தச் சுற்றில் கிளிப்பைக் கடிக்க வைப்பது என்று நகர்த்தி நகர்த்திப் பார். கண்டென்சர் என் மரப்பெட்டியில் இருக்கிறது, மூர் மார்க்கெட்டில் வாங்கியது. எர்த்துக்குத் தண்ணீர்க் குழாயில் கட்டு.

மின்சாரம் கசியாமலிருக்கக் கம்பியின் முனைகளில் கட்டும் பீங்கான்களை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நம் தெருவின் கடல் காற்றுக்கு உப்புப் படிந்து எல்லாம் கசிந்துவிடும்.

இது வெறும் கேள்விக்குப் பதில். உரிமம் இல்லாமல் கீயைத் தொடாதே. இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பியின் முனை அறைக்குள்ளேயே வருவதால் அலை அங்கேயே கிளம்பிவிடும். நீ மைக்கில் பேசினால் கீழே அப்பாவின் ரேடியோவில் எந்த ஸ்டேஷன் வைத்தாலும் உன் குரல்தான் வரும். அதற்கு அவரிடம் யார் பதில் சொல்வது?

பாஸ்கல்


ராயபுரம்
22-8-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

இந்த நான்கு மாதமாக மழை, வெயில், அத்தையின் முழங்கால் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மே மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போய் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதினேன். தேறிவிட்டேன். உரிமத்துக்காக விசாரணைக்கு வந்த போலீஸ்காரரிடம் மாமா, “அது ஏதோ படிப்பு சார், போரடிக்கிதுன்னு படிக்கிது,” என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னவென்று அவருக்குப் புரியவில்லை. போன வாரம் உரிமம் வந்தது. பேசவும் அனுமதி உண்டு. என் பெயரில், காற்றலையில் என்னைக் கூப்பிட எனக்கென்று ஓர் அழைப்புக் குறி.

மாமாவும் லியோனார்டும் வேலைக்குப் போன பிறகு முதல்முறையாக டிரான்ஸ்மிட்டரைப் போட்டேன். நீங்கள் சொன்னபடி தண்ணீர்க் குழாயில்தான் எர்த். உங்கள் எர்த் என்னைக் கடித்தது. கீயின் திருகாணியைத் தொட்டதும் விரல் நுனி வெந்து கொப்புளம் போட்டது. மைக் உதட்டைச் சுட்டது. மாடியிலிருந்து குழாய்வரை கம்பி இறங்கும் தூரத்தில் அதுவே இன்னோர் ஏரியலாகிவிடுகிறது. எர்த் கீழே இருக்கிறது. அறையிலோ எல்லாமே சூடு. மூன்று நாள் யோசித்தேன். பிறகு முப்பத்து மூன்று அடிக் கம்பி ஒன்றை எடுத்து, அறையின் சுவரோரமாகத் தரையைச் சுற்றி ஓடவிட்டு, ஒரு முனையை எங்கும் கட்டாமல் விட்டு, மறுமுனையைப் பெட்டியின் எர்த்தில் கட்டினேன். கடி நின்றுவிட்டது. இருபது மீட்டருக்கு அதில் பாதி நீளத்தில் இன்னொன்று. இப்போது கட்டிலைச் சுற்றி, அலமாரியைச் சுற்றி, என்னைச் சுற்றி எல்லாம் கம்பி. இந்த அறை இவ்வளவு சின்னது என்பது அதை அளந்தபோதுதான் தெரிந்தது.

நியான் பல்பு ஒன்றைக் கையில் பிடித்து ஜன்னலோரக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எதிலும் தொடாமலே அது சிவப்பாக எரிந்தது. உங்களுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கிடைத்தார். தமிழிலேயே பேசினோம். “உங்கட குரல் மிச்சம் தெளிவு, அக்கா. என்ன ஏரியல்?” என்று கேட்டார். சொன்னேன். ஏழு மாதத்தில் ஒருவரோடு கால் மணி நேரம் நான் பேசியது அதுதான். ஞாயிறு பகல் பதினொரு மணிக்கு அவர் அந்த அலையில் இருப்பாராம்.

உங்களுக்குப் பெருமையாக இருக்குமா, கோபம் வருமா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

டோரதி


தாம்பரம்
5-9-1954

டோரதிக்கு,

உன் கடிதம் வந்தது. உரிமம் கிடைத்ததற்கு வாழ்த்து. எர்த் விஷயத்தில் நீ செய்தது சரி. அந்தக் கொப்புளம் எனக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் கண்டுபிடித்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கிறது. எனக்கு இங்கே பென்சில் பிடிக்கத்தான் அனுமதி. அதை நினைத்துக்கொண்டு படி.

காற்றேற்றுவது போதவில்லை என்கிறார்கள். விலா எலும்புகள் சிலவற்றை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமாம். டிசம்பரில் சொல்வார்கள்.

அப்பா எழுதியிருந்தார். லியோனார்டுக்குப் பெண் அமைந்திருக்கிறது. காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் தவசிமுத்துவின் மகள். 19-ஆம் தேதி ஞாயிறு அவர்கள் நம் வீட்டுக்கு வருகிறார்கள். எனக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிவிட்டது, நீயும் என்னோடு அங்கே இருக்கிறாய் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பொய்தான். என் நோய் தம்பியின் தலையில் விடியக் கூடாது என்று செய்கிறார். அன்று ஒரு பகல் மட்டும் நீ அறையை விட்டு வராமல், ஜன்னல் பக்கம் நிற்காமல் இரு. எனக்காக இதைச் செய். வேறு எதுவும் கேட்கவில்லை.

பாஸ்கல்


ராயபுரம்
12-9-1954

அத்தானுக்கு,

நான் இந்த வீட்டில் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே இரு என்கிறீர்கள். சரி, இருக்கிறேன். விசாகப்பட்டினத்தில் எனக்கு வீடு எப்படி இருக்கிறது, ஜன்னல் உண்டா என்று மட்டும் எழுதுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி இரண்டே வரி எழுதினீர்கள். எத்தனை எலும்பு? கை அசையுமா? எனக்கு அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

டோரதி


தாம்பரம்
24-9-1954

டோரதி,

அப்பா நேற்று வந்தார். இந்த முறை வராந்தாவில் நிற்கவில்லை, நேரே கட்டிலருகே வந்து நின்றார். “ஒன் பொண்டாட்டி என் மானத்தக் காத்துல வுட்டாடா, நைனா. ரேடியோல பேசி என் வூட்டு மானத்த வித்துட்டா,” என்றார். கல்யாணம் நின்றுபோனது என்றார். நீ வீட்டை விட்டுப் போய்விட்டாய் என்றும் சொன்னார். நர்ஸ் வந்து அழைத்துப் போனார்.

எங்கே இருக்கிறாய்? உன் பழைய சிநேகிதி தேவகிருபையின் திருவொற்றியூர் முகவரிக்கு இதை அனுப்புகிறேன். வேறு யாரையும் உனக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். என்ன நடந்தது என்று நீயே எழுது. உன்னிடமிருந்து தெரிந்துகொள்ளாமல் நான் யாருக்கும் பதில் சொல்லப்போவதில்லை.

பாஸ்கல்


சேசு மரி சூசை

திருவொற்றியூர்
29-9-1954

பிரியமுள்ள அத்தானுக்கு,

உங்கள் ஊகம் சரி. தேவகிருபை வீட்டில்தான் இருக்கிறேன். தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் அவள் கணவர் வேதமாணிக்கம் அண்ணாச்சியின் மளிகைக் கடை. கடைக்கு மேல் ஓர் அறை எனக்கு. முதன்முதலாக இஸ்திரி போடாத உங்கள் கடிதம் கையில் கிடைத்தது. மடிப்பு மடிப்பாக, வெள்ளையாக இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அத்தை படியில் சாப்பாட்டை வைக்காமல் கதவைத் திறந்து உள்ளேயே வைத்தார்கள். அப்போதே எனக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்க வேண்டும். கதவைச் சாத்தினார்கள். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

“அத்தை, நான் வரமாட்டேன்னு சொன்னேனே. தாழ்ப்பாள் எதுக்கு?”

“மாமா சொல்லிட்டாரும்மா. செத்த நேரம்தான். சத்தம் போடாத.”

அவர்கள் குரலில் அழுகை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனாலும் இறங்கிப் போய்விட்டார்கள்.

அத்தான், எட்டு மாதம் அந்த அறையில் இருந்தேன். ஒரு நாளும் அந்தக் கதவை நான் மீறவில்லை. மீறமாட்டேன் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் என்னால் மூச்சுவிட முடிந்தது. தாழ்ப்பாள் விழுந்ததும் அது போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்தேன். பெண் வீட்டார் வரும் செருப்புச் சத்தம் கேட்டது, பலகாரத்தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமா பெண் வீட்டாருக்காக ரேடியோவைத் திருப்பினார். பாட்டு வந்தது.

பதினொரு மணிக்கு நான் டிரான்ஸ்மிட்டரைப் போட்டேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். கீழே ரேடியோ ஓடுவது எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதும் நினைவிருந்தது. யாழ்ப்பாணத்தாரைக் கூப்பிட்டேன், வந்தார். என் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, காற்றில் கம்பி எங்காவது உரசுகிறதா, வெளியே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல வேண்டும். ஏன் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? “வெளியே போக முடியாது, ஐயா. என் அறையை வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள்,” என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை.

கீழே பாட்டு நின்று அந்த இடத்தில் என் குரல் வந்திருக்கிறது.

படியில் யாரோ ஏறும் சத்தம் கேட்டது, தாழ்ப்பாள் திறந்தது. பெண்ணின் அம்மா நின்றார்கள். பட்டுப்புடவை, கையில் வெற்றிலை. அறையைப் பார்த்தார்கள், தரைக் கம்பியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “நீதான் மூத்த மருமகளா? வா, கீழ வா,” என்றார்கள். நான் இறங்கிப் போனேன். அந்தக் கூடத்துக்குள் நான் வந்து எட்டு மாதமாகியிருந்தது.

மாமா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். உங்கள் நோய், தாம்பரம், எல்லாம். தவசிமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, “மூத்தவருக்குச் சீக்குன்னு சொல்லியிருந்தா நான் போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன். என் தங்கச்சியும் அதுலதான் போனா. ஆனா ஒரு பொண்ணப் பூட்டி வச்சுட்டு எனக்குக் காப்பி குடுக்கிய வீட்டுல என் மகள வாழ விட மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

லியோனார்ட் புதிதாகக் கட்டிய அறையில் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரு முறை படியில் எனக்குக் கமலாப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மறுநாள் உசேன் பாய் ரிக்‌ஷா பேசிக் கொடுத்தார். என் சாமான்களையும் உங்கள் சாமான்களையும் எடுத்து வந்துவிட்டேன். இங்கே ஒரு பள்ளியில் பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். உரிமத்தில் முகவரி மாற்ற எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை பேச மாட்டேன்.

நீங்கள் கோபமாக இருந்தால் அப்படியே எழுதுங்கள். ஆனால் என்னைத் திரும்பிப் போகச் சொல்லாதீர்கள்.

டோரதி


தாம்பரம்
6-10-1954

அன்புள்ள டோரதிக்கு,

திரும்பிப் போகச் சொல்லப்போவதில்லை.

உன் கடிதத்தை வாசித்த பிறகு என் பழைய கடிதங்களில் நான் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பொறுத்துக்கொள், வர வேண்டாம், நிற்காதே. இங்கே டாக்டர்கள் என்னிடம் சொல்வதையெல்லாம் நான் உன்னிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். எனக்காவது நோய் இருக்கிறது.

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். நீ பேசியது என் உரிமத்திலோ என் அனுமதியிலோ அல்ல, உன்னுடையதில். தாழ்ப்பாளுக்கு உன்னிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். லியோனார்டுக்குத் தனியாக ஒரு கடிதம். அதில் மன்னிப்பு கேட்டது நான்தான். அப்பா இனி வர மாட்டார் என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் என் வீட்டு முகவரியை மாற்றி, வேதமாணிக்கம் கடை மாடி, திருவொற்றியூர் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். தேவகிருபை வீட்டாரிடம் கேட்காமல் செய்துவிட்டேன். நீ சொல்லிவிடு.

முடிந்தால் என்னைப் பார்க்க வா.

பாஸ்கல்


தாம்பரம்
13-12-1954

அன்புள்ள டோரதிக்கு,

போன வாரம் நீ வந்து போனபோது வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஐந்து எலும்பு. கை அசையும், ஆனால் தோள் ஒரு பக்கம் சாயும்.

நேற்று நடந்ததை எழுதாமல் ஆபரேஷனுக்குப் போக மனமில்லை. பக்கத்துக் கட்டில் ஆறுமுகநயினாருக்கு அவர் மருமகன் ஒரு ரேடியோ கொண்டுவந்து வைத்திருக்கிறார், சிற்றலை உள்ளது. புது முகவரிக்கு அனுமதி வந்துவிட்டது, ஞாயிறு காலை நாற்பது மீட்டரில் பேசுவேன் என்று நீ சொல்லியிருந்தாயே. பத்து மணியிலிருந்து முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தோம். வெறும் இரைச்சல். பிறகு நீ.

உன் அழைப்புக் குறியை நீ சொன்னதும் நயினார், “இது ஒம்ம வீட்டம்மாளா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் என் கட்டிலைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

என்னைப் பற்றி நீ எதுவும் பேச முடியாது, அமெச்சூர் அலையில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது சட்டம். யாழ்ப்பாணத்தாரிடம் கம்பியைப் பற்றித்தான் பேசினாய். கடை மாடி ஜன்னலிலிருந்து தொழிற்சாலைப் பக்கத்துத் தென்னைக்குப் போகிறது, இருபது மீட்டரில் கிளிப் இரண்டு சுற்று தள்ளிக் கடிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் கதை கேட்பதுபோல் கேட்டார்கள். அப்போது நீ, “ஐயா, ஒரு நிமிஷம், மழை வந்துவிட்டது. மாடியில் துணி காய்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன்,” என்றாய். டிரான்ஸ்மிட்டரை அணைக்க மறந்து ஓடிவிட்டாய்.

மைக் திறந்தே இருந்தது. நீ படியேறும் சத்தம் கேட்டது. தகரத்தில் மழை. தூரத்தில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. யாரோ உன்னைக் கூப்பிட்டார்கள், நீ பதில் சொன்னாய், என்னவென்று புரியவில்லை, சிரித்தாய். பிறகு ரொம்ப நேரம் மழை மட்டும்.

நீ மூச்சு வாங்கத் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு “ஹலோ” என்று சொல்லும்வரை, டோரதி, இந்த வார்டில் ஒருவரும் இருமவில்லை.

பாஸ்கல்